கேப்டன் லாக்ஸோவின் ஓசி இருக்கை

டுவேன் லாக்ஸோ விமானம் ஓட்டுகிறவர் என்பது மார்க்வெட் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் அதை மனதார நம்பியதில்லை.

தெரிந்ததற்குக் காரணம் அவருடைய சீருடை. நம்பாததற்குக் காரணம், விமான நிலையத்தில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கோலத்தில் பார்த்திருந்ததுதான். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டையை ஒரு கையால் நீவிவிட்டுக்கொண்டு, வாசல் மேசைக்குப் பக்கத்தில் இடம் கேட்டு நிற்பார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் அத்தனை பேரும் ஏறி முடித்த பிறகு கடைசி ஆளாக உள்ளே போவார். இப்படி நிற்கிற ஒருவரைப் பார்த்து, இவர்தான் விமானத்தைக் கிளப்பி இறக்குகிற ஆள் என்று எப்படித் தோன்றும்?

விஷயம் இதுதான். வேலை சிகாகோவில், வீடு மார்க்வெட்டில். அவருடைய கம்பெனியின் விமானம் மார்க்வெட்டுக்கு வருவதில்லை. ஆகவே வேலைக்குப் போகவும் திரும்பவும் வேறு கம்பெனிகளின் விமானத்தில்தான் போயாக வேண்டும். அங்கே விமானி அறைக்குள், இரண்டு விமானிகளுக்கும் பின்னால், சுவரிலிருந்து இழுத்துவிடுகிற குட்டி இருக்கை ஒன்று உண்டு. ஜம்ப் சீட் என்பார்கள். ஒரு கம்பெனியின் விமானியை இன்னொரு கம்பெனியின் விமானி காசு வாங்காமல் அதில் ஏற்றிக்கொள்வது அந்தத் தொழிலின் பழக்கம். முதுகைச் சாய்க்க வழியில்லை. முழங்கால்களை வைக்க இடம் தேடுவதற்குள் பாதித் தூரம் போய்விடும். இருந்தாலும் வீட்டில் கொண்டுபோய் விடும்.

இருபத்து நான்கு வருடமாக லாக்ஸோ அப்படித்தான் வந்து போனார். பக்கத்து வீட்டு யால்மர் நைபெர்க், இரும்புக் கடையை மகளிடம் விட்டுவிட்டு ஊர்ச் செய்திகளை மட்டும் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டவர், அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்.

"என்ன டுவேன், நாளைக்கு ஓசி சீட்டா?"

"ஜம்ப் சீட்."

"அதான் கேக்கறேன். யாரு ஓட்டறாங்க, நீ யாரு முதுகைப் பாத்துட்டுப் போறே?"

"சிகாகோ வரைக்கும்தான் யால்மர். அங்கேருந்து நான்தான் ஓட்டறேன்."

"சிகாகோவுல நீ என்ன செஞ்சாலும் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஊரின் கேலியையாவது பொறுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் நிலைமை அதுவே. அவர் மனைவி ஆர்டிஸ், மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை லேக் சுப்பீரியர் ஏரி எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அதை ஓரம் தள்ளி ஊருக்கு வழிவிடுவது அவள் வேலை. வீட்டு உயரத்துக்கு இருக்கும் அந்த ஆரஞ்சு வண்டியை அவள் ஓட்டி வருவதைப் பள்ளிக் குழந்தை முதல் பாதிரியார் வரை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார்கள்.

"நான் ஓட்டறதை ஊரே பாக்குது. நீ ஓட்டறதை இந்த ஊர்ல ஒரு நாயாவது பாத்திருக்கா?" என்பாள்.

காரணம் லாக்ஸோவேதான். கல்யாணத்துக்கு முன்னால், விமான நிலைய வேலிக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு, "ஒரு நாள் இந்த ஓடுபாதையிலேருந்தே உன்னை ஏத்திட்டுப் பறப்பேன்" என்று அவளுக்கு அவரே வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு எத்தனையோ தடவை, "சிகாகோ வரைக்கும் வந்துடு, அங்கேருந்து என் விமானத்துல ஏறு" என்று கெஞ்சியும் பார்த்தார். ஆர்டிஸ் அசையவில்லை. இந்த ஓடுபாதை என்றால் இந்த ஓடுபாதைதான். அவள் சாலையில் அரை அங்குலம்கூட விட்டுக்கொடுத்து ஓட்டுகிற ஆள் இல்லை.

லாக்ஸோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜம்ப் சீட் கேட்பதில் அவரைப் போல முறை தவறாதவர் கிடையாது. வாசல் மேசையில் பெயர் பதிந்து, கணினி சரிபார்த்து, கையில் சீட்டு வந்துவிட்டால் பலர் நேரே போய் உட்கார்ந்துவிடுவார்கள். லாக்ஸோ அப்படிச் செய்யமாட்டார். விமானி அறை வாசலுக்கு வெளியே நின்று, அந்த விமானத்தின் கேப்டனைத் தன் வாயால் கேட்டு, அவர் தன் வாயால் சரி சொன்ன பிறகுதான் கால் எடுத்து வைப்பார். வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டுக்குள் நுழைவார்களா என்பது அவர் கட்சி. கேட்கப்படுகிற கேப்டன் அவருடைய மகள் வயதில் இருப்பார் என்பதெல்லாம் கணக்கில்லை.

சிகாகோ விமானத்தை அடிக்கடி ஓட்டி வருகிற கெண்ட்ரா அப்படிப்பட்ட ஒருத்தி. அவளுக்கு இதில் தனிக் குஷி.

"குட் மார்னிங் கேப்டன். இன்னிக்கு உங்களோட வரலாமா?" என்பார் லாக்ஸோ.

"யோசிக்கணும்."

"யோசிங்க கேப்டன்."

"வேண்டாம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த விமானத்துல கேப்பேன்."

"அடுத்தது நாளைக்குத்தானே?"

"நாளைக்குக் கேப்பேன்."

"ஐயோ, உட்காருங்க கேப்டன்! வயசுல மூத்தவரை நிக்க வச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

உட்காருவார். விமானி அறையின் விதிப்படி, மேகத்துக்கு மேலே போகிற வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். இறங்கும்போது மறக்காமல் இரண்டு விமானிகளுக்கும் நன்றி சொல்வார். அந்த வழித்தடத்தில் அவரை மறுத்த கேப்டன் ஒருவர்கூட இல்லை.

அந்த வருடம் ஜூலையில் அவருக்கு அறுபத்தைந்து முடிகிறது. சட்டப்படி அதற்கு மேல் ஒரு நாள்கூடப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓட்ட முடியாது. யால்மரின் கேலியோடும், ஓடுபாதை வாக்கோடும் வீட்டில் உட்காரவேண்டியதுதான் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்த ஏப்ரலில் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. கோடைக் காலத்துக்கு மட்டும், வாரம் ஒரு முறை, மார்க்வெட்டுக்கு விமானம். வெள்ளி மாலை வரும், சனி காலை சிகாகோ திரும்பும்.

லாக்ஸோ எல்லா வாரத்துக்கும் எழுதிப்போட்டார். ஆனால் பணிக்காலத்தில் அவருக்கும் மூத்தவர்கள் கம்பெனியில் இருந்தார்கள். அவர்களுக்கு மீன்பிடிக்கப் பிடிக்கும். ஏரிக்கரை ஊர் என்றதும் ஆளுக்கு ஒரு வாரத்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் லாக்ஸோவுக்கு விழுந்தது ஜூன் கடைசியில் ஒரே ஒரு வெள்ளி, ஒரே ஒரு சனி. அதை விட்டால் வேறு நாள் இல்லை.

"சனிக்கிழமை காலை வர்றியா?" என்று கேட்டார்.

ஆர்டிஸ் சட்டியைத் துடைத்துக்கொண்டே, "இந்த ஓடுபாதைதானே?" என்றாள்.

"இதேதான்."

"அப்ப வர்றேன். மத்தியான விமானத்துல திரும்பிடுவேன். தக்காளிக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல."

ஊழியரின் மனைவி என்பதால் அவளுக்கு டிக்கெட் வாங்கத் தேவையில்லை. ஆனால் இடம் மிஞ்சினால்தான் உண்டு. விமானம் பாதி காலியாகத்தான் போகும் என்று லாக்ஸோ உறுதியாகச் சொன்னார். அவர் சொன்ன அன்று அது பாதி காலிதான்.

வெள்ளிக்கிழமை மாலை லாக்ஸோ தன் ஊர் ஓடுபாதையில், தன் கையால், முதல்முறையாக விமானத்தை இறக்கினார். ஏரியிலிருந்து குறுக்கே காற்று அடித்தது. ஆனாலும் கோப்பையில் காப்பி அலையாத இறக்கம். மற்ற ஊழியர்கள் ஓட்டலுக்குப் போக, அவர் மட்டும் தன் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். யால்மர் தன் வாசலில் காத்திருந்தார்.

"பாத்தியா யால்மர்? நான்தான் இறக்கினேன்."

"விமானத்தைப் பாத்தேன். உன்னைப் பாக்கலையே. ஜன்னல் அவ்வளவு உயரத்துல இருக்கு."

"வேற யாரு இறக்கியிருப்பா?"

"முன்னால உட்கார்ந்தவங்க."

ஆர்டிஸ் கதவைத் திறந்து, "உள்ள வா, சுட்டு வச்ச கறி பேஸ்டி ஆறுது" என்றாள். "நாளைக்கு நானே உள்ள இருந்து பாத்துட்டுச் சொல்றேன் யால்மர். நீங்க கவலைப்படாதீங்க."

மறுநாள் காலை கோடைக்கால ஊர் மொத்தமும் சிகாகோவுக்குக் கிளம்பினதுபோல இருந்தது. ஏரிக்கரையில் ஒரு பெரிய கல்யாணத்துக்கு வந்தவர்கள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லாக்ஸோ விமானத்துக்குள் வேலைகளை முடித்து, ஐந்தாவது தடவையாகத் தலைமைப் பணிப்பெண்ணிடம், "இன்னும் எத்தனை இடம் இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணு கேப்டன். ஆனா அது போயிடுச்சாம்."

லாக்ஸோ இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு வெளியே ஓடினார். அந்த வயதில் சீருடையோடு ஒரு கேப்டன் ஓடினால் பயணிகள் கலவரப்படுவார்கள் என்பது நினைவுக்கு வந்து, பாதி வழியில் வேகநடையாக மாற்றிக்கொண்டார்.

வாசல் மேசையில் டோரீன் இருந்தாள். மார்க்வெட்டில் எல்லாக் கம்பெனி விமானத்துக்கும் அந்த மேசையில் அவள்தான். மேசைக்கு முன்னால் ஆர்டிஸ் நின்றாள். சர்ச்சுக்கு மட்டும் போடுகிற நீல உடையைப் போட்டிருந்தாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், வழியனுப்ப வந்த சாக்கில், யால்மர்.

"கடைசி சீட்டு உங்க கம்பெனி பைலட் ஒருத்தருக்குப் போயிடுச்சு கேப்டன்" என்றாள் டோரீன். "லீவுல மீன்பிடிக்க வந்தவராம். ஊழியருக்கு முதல்ல, ஊழியர் குடும்பத்துக்கு அப்புறம். விதி உங்களுக்குத் தெரியாததா?"

லாக்ஸோவுக்கு விதி தெரியும். அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லி அறுத்த ஆளே அவர்தான்.

ஆர்டிஸ் கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அந்த ஒரு அசைவில் இருபத்து நான்கு வருடம் இருந்தது. அவள் கேலி செய்திருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

அந்த மீன்பிடி விமானி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறத் தயாராக நின்றான். பெயர் ட்ரெவர். முப்பது வயது இருக்கும். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, தூண்டில் உறை. மூன்று நாளாக டிரவுட் மீனோடு குடித்தனம் நடத்திய வாசனை.

லாக்ஸோ அவன் முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பழக்கம்.

"குட் மார்னிங். நான்தான் இந்த விமானத்தோட கேப்டன். உங்களால முடியும்னா... ஜம்ப் சீட்டுல உட்கார்ந்து வர முடியுமா?"

ட்ரெவர் திருதிருவென்று விழித்தான். ஜம்ப் சீட்டுக்காகக் கேப்டனிடம் கெஞ்சுகிற விமானிகளை அவன் பார்த்திருக்கிறான். ஜம்ப் சீட்டில் வந்து உட்காரச் சொல்லி விமானியிடம் கெஞ்சுகிற கேப்டனை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"எதுக்கு கேப்டன்?"

"அதோ நீல டிரெஸ்ல நிக்கறது என் மனைவி. நான் ஓட்டி அவ இதுவரைக்கும் வந்ததே இல்ல. இன்னிக்கு விட்டா இனிமே இல்ல."

"இதைக் கேக்கணுமா கேப்டன்? தாராளமா. ஆனா..." ட்ரெவர் தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தான். "இந்தக் கோலத்துல உள்ள விடுவீங்களா?"

விமானி அறையில் உட்காருகிறவர் ஒழுங்கான உடையில் இருக்க வேண்டும். இதிலும் லாக்ஸோ சற்றும் விட்டுக்கொடுக்காதவர். சட்டைக் காலர் இல்லாதவர்களை அவரே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது அவர் ஒரு கணம்தான் தயங்கினார்.

"என் பையில மாத்து சட்டை, பேன்ட் இருக்கு. எடுத்துக்கங்க."

ட்ரெவர் கழிப்பறைக்குள் போய் வந்தான். லாக்ஸோவின் பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. சட்டையில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. ரப்பர் செருப்புக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆர்டிஸ் பார்த்துவிட்டு, "சோளக்கொல்லைல நிறுத்தலாம்" என்று முணுமுணுத்தாள். அவளுக்கு வாய் திரும்பி வந்ததே லாக்ஸோவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"டோரீன், இவரை ஜம்ப் சீட்டுல போட்டுடு. அவளை இவரோட சீட்டுல போடு."

டோரீன் தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள்.

"முடியாது கேப்டன். ஜம்ப் சீட்டுல ஏற்கெனவே ஆள் இருக்கு."

"ஆளா? யாரும் என்னைக் கேக்கலையே!"

"நேத்து சாயங்காலமே பதிஞ்சிருக்காங்க."

லாக்ஸோவின் கழுத்து சிவந்தது. "இதைத்தான் நான் சொல்றது! கேப்டன்னு ஒருத்தன் இருக்கான், அவனை வந்து பாத்து ஒரு வார்த்தை கேக்கணும்ங்கற மரியாதை இல்ல. பதிஞ்சுட்டா போதுமா? யாரு அந்த ஆளு? எங்க இருக்கான்? பேர் என்ன?"

டோரீன் திரையைப் பார்த்தாள். அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"லாக்ஸோ" என்றாள். "டி. லாக்ஸோ."

நடந்தது இவ்வளவுதான். இத்தனை வருடமாக மார்க்வெட்டில் இறங்கியதும் லாக்ஸோ முதலில் செய்கிற காரியம், திரும்பிப் போவதற்கு ஒரு ஜம்ப் சீட்டைப் பிடித்து வைப்பது. அதற்குப் பிறகுதான் டிரக் சாவியைத் தேடுவார். நேற்று மாலையும் விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்து, கைபேசியை எடுத்து, மறுநாள் காலை விமானத்தில் ஜம்ப் சீட்டுக்குத் தன் பெயரைப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாள் விமானத்தை ஓட்டப்போவதே தான்தான் என்ற விஷயம் அவருடைய தலைக்குத் தெரிந்திருந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கணினியும் கேள்வி கேட்கவில்லை. ஓட்டுகிற ஆளே ஓசியில் வர இடம் கேட்பான் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

முதலில் சிரித்தது ட்ரெவர். பெரிய சட்டை முழுதும் குலுங்கியது. ஆர்டிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"டுவேன், போய் அந்த ஆளைக் கேளு. கொஞ்சம் இறங்கிக்கச் சொல்லு. நல்ல மனுஷன்னு கேள்வி."

"ஆர்டிஸ், கதவு மூட நேரமாச்சு."

"பதிஞ்சவர்தான் நீக்கணும் கேப்டன்" என்றாள் டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "என்னால முடியாது."

லாக்ஸோ கைபேசியை எடுத்தார். படிக்கிற கண்ணாடி விமானி அறையில் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். ஆர்டிஸ் அதைப் பிடுங்கி, கட்டைவிரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

"இறக்கிவிட்டாச்சு. பாவம், எப்படிப் போய்ச் சேருவாரோ."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யால்மருக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்ன நடந்தது, என்ன நடந்தது என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல வேளை.

விமானம் ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. ஆர்டிஸுக்குக் கிடைத்தது கழிப்பறையை ஒட்டிய கடைசி வரிசை, கல்யாண வீட்டு மாமா ஒருவருக்கும் அழுகிற குழந்தைக்கும் நடுவில். விமானி அறையில் மீன் வாசனை நிறைந்திருந்தது. துணை விமானி மூக்கைச் சுருக்கினார். லாக்ஸோவுக்கு அது எட்டவே இல்லை. மார்க்வெட் ஓடுபாதையில் விமானம் வேகம் பிடித்து, கல்யாணத்துக்கு முன்னால் காரை நிறுத்திய அதே வேலியைத் தாண்டி மேலே எழும்பியபோது, வழக்கமாக மேலே போகும் வரை பேசாத அவர், "ம்" என்று ஒரு சத்தம் போட்டார். அது விதிக்கு உட்பட்டதா என்று பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

சிகாகோவில் பயணிகள் இறங்கும்போது விமானி அறை வாசலில் நின்றார். கடைசியாக ஆர்டிஸ் வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

அவள் ஒரு ஓட்டுநராக யோசித்தாள். "கிளம்பினது நல்லா இருந்துச்சு. திருப்பம் பரவாயில்ல. பிரேக் கொஞ்சம் முரட்டுத்தனம்."

"ஈர ஓடுபாதை."

"நான் ஐஸ்ல ஓட்டறேன் டுவேன்." பிறகு, துணை விமானி பார்த்துக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல், உள்ளே எட்டி அவர் இருக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் டையை நேராக்கிவிட்டாள். "யால்மர்கிட்ட சொல்றேன். நீதான் ஓட்டினேன்னு. தொட்டுப் பாத்தேன், உன் சீட்டு இன்னும் சூடா இருக்கு."

லாக்ஸோவுக்கு அடுத்து ஃபீனிக்ஸ் போக வேண்டியிருந்தது. ஃபீனிக்ஸ் வரை அவர் முகத்தில் இருந்த சிரிப்பைப் பற்றித் துணை விமானி பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார்.

ஃபீனிக்ஸில் இறங்கிக் கைபேசியைத் திறந்ததும் ஆர்டிஸ் அழைத்தாள்.

"மார்க்வெட் விமானத்துல இடம் இல்ல. கிரீன் பே ஊருக்குப் போய் அங்கேருந்து போகலாம்னு பாத்தேன், அதுலயும் இல்ல. வாசல் வாசலா நின்னு, என் பேரைக் கூப்பிடுவாங்க கூப்பிடுவாங்கன்னு பாத்து, கதவை மூடிட்டுப் போறாங்க. இப்படியா நீ வீட்டுக்கு வந்துட்டிருந்தே?"

"ஆமா."

"வாராவாரமா?"

"வாராவாரம்னு சொல்ல முடியாது. சில வாரம் வர முடியல. உனக்கே தெரியுமே."

"கிறுக்கா உனக்கு? சிகாகோவுல ஒரு வீட்டைப் பாத்துட்டு என்னை வரச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வந்திருப்பியா?"

அந்தப் பக்கம் வண்டிகள் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"ஆர்டிஸ், நீ இப்ப எங்க இருக்கே?"

"நெடுஞ்சாலையில. கார் ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டேன். மில்வாக்கி தாண்டியாச்சு. வீட்டுக்குப் போய்த் தக்காளிக்குத் தண்ணி ஊத்தணும்."

"ஏழு மணி நேரம் ஓட்டணுமே!"

"நீ நேத்து வந்தே, இன்னிக்குப் போனே. நான் ஏதாவது சொன்னேனா? வச்சுடறேன், முன்னால ஒரு ஆளு வேகமாப் போறவங்களுக்கான இடது பக்கத்துலயே உருட்டிட்டுப் போறான். ஜூன் மாசத்துலயே இப்படின்னா பனியில என்ன பண்ணுவானோ."